வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, மகன் சரியாக இல்லை: எந்த லாக் வாங்குவது?

கேட்டி_அப்பா:
நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் பக்கம். 2020-ல் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு போனபோது பயத்தில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனது மூன்று முறை, அப்புறம் தோட்டா போட்டபடியே எங்கள் அறை க்ளாசெட்டின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் கிடக்கிறது. மகனுக்கு 15 வயது. இரண்டு மாதமாக அவன் முகமே சரியில்லை, ராத்திரி தூங்குவதில்லை, ஸ்கூல் பேண்டில் வாசிப்பதை விட்டுவிட்டான், நண்பர்கள் யாரும் வருவதில்லை. போன வாரம் தங்கையிடம் "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து மனைவி அந்தப் பெட்டியை வீட்டை விட்டு எடுத்துப் போகச் சொல்கிறாள். அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நல்ல லாக் ஒன்று சொல்லுங்கள், இந்த வாரக் கடைசியில் வாங்கிவிடுகிறேன்.

இரவுப்பணி_நர்ஸ்:
அண்ணா, வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே. அவன் தங்கையிடம் சொன்னதைச் சும்மா கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். நான் எமர்ஜென்சியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டில் 2023-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர், அவர்களில் ஏறக்குறைய 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடன் வருவான் என்று வாங்கி வைக்கிறோம், ஆனால் ஆபத்து அதிகமும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. உங்கள் ஹூஸ்டனிலேயே, தற்கொலைக்கு முயன்று பிழைத்த 13 முதல் 34 வயது வரை உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2001-ல் வெளிவந்தது. முடிவு எடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, நான்கில் ஒருவர் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்றார். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் மனசு மாறும், யாராவது கூப்பிடுவார்கள், அழுகை வரும், தூக்கம் வரும். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையில் இறப்பதில்லை. துப்பாக்கி மட்டும் அப்படி இரண்டாவது வாய்ப்பு அநேகமாகத் தருவதே இல்லை. அதனால் லாக் அப்புறம், முதலில் அது வீட்டை விட்டுப் போகட்டும்.

மான்வேட்டை_மணி:
நான் பன்னிரண்டு வருடமாக வேட்டைக்குப் போகிறவன், வீட்டில் மூன்று இருக்கின்றன. துப்பாக்கியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல சேஃப் இருந்தால் வீட்டிலேயே வைக்கலாமே? தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை ஒரு சேஃபில், தோட்டாவை இன்னொரு பூட்டில் வையுங்கள், அவ்வளவுதான். துப்பாக்கிக்குள் கம்பியை விட்டுப் பூட்டுகிற கேபிள் லாக் பல ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் இலவசமாகவே தருகிறார்கள், போய்க் கேளுங்கள். நம்பர் போடும்போது பிறந்தநாள், கல்யாணநாள், வீட்டு எண் எதுவும் வேண்டாம், பிள்ளைகள் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டி வைக்கிற வேலையும் வேண்டாம். இன்னொன்று, டெக்சாஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால், குற்றம் உங்கள் மேல்தான்.

இரவுப்பணி_நர்ஸ்:
மணி அண்ணா, சாதாரண நாளுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளை இப்போது நல்ல நிலையில் இல்லை. நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே நம் போன் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கிறவர்கள். கொஞ்ச காலம் வெளியே இருக்கட்டும், அவன் தேறியதும் சேஃப் வாங்கிப் பேசலாம்.

மான்வேட்டை_மணி:
சரிம்மா, ஒத்துக்கொள்கிறேன். இந்த நிலையில் வெளியே போவதுதான் சரி. நம்பிக்கையான, சட்டப்படி வைத்திருக்கக்கூடிய நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். சில துப்பாக்கிக் கடைகளும் போலீஸும்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். வேறு மாநிலத்தவர் யாராவது இதைப் படித்தால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள், கைமாற்றும் விதி இடத்துக்கு இடம் வேறு. காரில் மட்டும் வைக்காதீர்கள், கார் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவது இங்கே தினமும் நடக்கிறது.

ஸ்காபரோ_அக்கா:
தம்பி, நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வேட்டைத் துவக்கு வைத்திருந்தாலும் தோட்டாவை எடுத்து, பூட்டித்தான் வைக்க வேண்டும், அது சட்டம். இலங்கையில் எங்கட ஊரில் துவக்கு இல்லை, பூச்சிமருந்துதான். தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை உலகத்திலேயே தற்கொலை கூடின நாடுகளில் ஒன்று. எங்கட ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் பிள்ளைகளை இழந்தார்கள், இரண்டு பேருமே அன்று காலையில் சிரித்துக் கதைத்தவர்கள்தான். அதிக நஞ்சுள்ள மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு இருபது வருடத்தில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. சனத்தின் கவலை குறையவில்லை, போரும் இருந்தது, வறுமையும் இருந்தது. கைக்கு எட்டும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். பிள்ளையோடு கதையுங்கோ. "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா" என்று நேராகக் கேளுங்கோ, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அமெரிக்காவில் தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு உதவும் 988 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், டெக்ஸ்டும் அனுப்பலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

கேட்டி_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. அன்று இரவே, தோட்டாவோடு சேர்த்து, சுகர்லேண்டில் இருக்கும் நண்பன் வீட்டு சேஃபுக்குப் போய்விட்டது. அந்த நம்பர் எனக்கே தெரியாது. அப்புறம் மகனைக் காரில் கூட்டிப்போய் ஒரு பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு அக்கா சொன்னபடி நேராகக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு தலையை மட்டும் ஆட்டினான். மேல்தட்டுப் பெட்டி பற்றிக் கேட்டேன். போர்வை எடுக்கும்போது இரண்டு வருடம் முன்பே பார்த்தானாம். அங்கிருந்தே 988-க்கு அழைத்தோம், அவனும் பேசினான். நாளைக் காலை எட்டரைக்குக் குழந்தை மருத்துவரிடம் போகிறோம். இன்று ராத்திரி மெத்தையை எங்கள் அறையில் போட்டுக்கொண்டு அவன் தூங்குகிறான், நானும் மனைவியும் மாறி மாறி விழித்திருக்கிறோம்.