தமிழ் வழியாக ஸ்பானிஷ்: உங்கள் அனுபவம் என்ன?

குவாதலஹாராவிலிருந்து:
வேலைக்காக மெக்ஸிகோ வந்தபோது, உடன் வந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலம் வழியாகவே ஸ்பானிஷ் படித்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. தமிழில் யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தது.

'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதற்குள் வந்துவிடுகிறது இல்லையா? இங்கேயும் அப்படித்தான். 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். 'யோ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சான் ஹுவான் தெ தியோஸ் சந்தையில் ஒரு அம்மா மாம்பழம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவித் தருவார். ஒரு துண்டை நீட்டி, 'லே குஸ்தா?' என்றார். உங்களுக்குப் பிடிக்கிறதா? 'லே' மரியாதைக்கு, நெருங்கியவர் என்றால் 'தே'. பதில் 'மே குஸ்தா', எனக்குப் பிடிக்கிறது. 'நான் விரும்புகிறேன்' என்று ஆரம்பிப்பவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். நமக்கோ 'எனக்கு' பிறந்ததிலிருந்தே பழக்கம். தலைவலிக்கும் அதே கணக்கு: 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. ஒன்றை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். பிடித்த பொருள் பலவானால் வினையும் மாறும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'.

மத்ரிதிலிருந்து:
அருமை. வினையடையிலும் இந்த ஒற்றுமை உண்டு. நம் 'ஆக' மாதிரி அவர்களுக்கு 'மெந்தே'. பெயரடையின் பெண்பால் வடிவத்தோடு அது சேரும்: 'லெந்தா', 'லெந்தாமெந்தே'. இரண்டு சேர்ந்து வந்தால் முதலாவதில் 'மெந்தே' விழுந்துவிடும்: 'லெந்தா இ க்ளாராமெந்தே', மெதுவாகவும் தெளிவாகவும். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி பேச்சை மழையாகப் பொழியும்போது நான் சொல்வது 'மாஸ் தெஸ்பாத்தியோ, போர் ஃபவோர்' தான், தயவுசெய்து இன்னும் மெதுவாக. உடனே நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். அப்புறம், ஸ்பெயினுக்கு வருபவர்கள் 'ஆப்லாய்ஸ்' வடிவத்தையும் படித்துவிடுங்கள். நண்பர் கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள்' என்று பேச இங்கே அதுதான்.

குவாதலஹாராவிலிருந்து:
சரி, மெக்ஸிகோவில் அது வேண்டாம், 'ஆப்லான்' போதும். ஆனால் 'ஆஓரிதா' என்ற வினையடையைக் காது பழக்கிக்கொள்ள வேண்டும். அகராதியில் 'இப்போதே' என்றிருக்கும். குழாய் சரிசெய்பவர் காலையில் 'ஆஓரிதா வருகிறேன்' என்றார்; வந்தபோது இருட்டிவிட்டது. அவசர வேலை என்றால் 'ஆ கே ஓரா?', எத்தனை மணிக்கு, என்று கேட்டுவிடுங்கள்.