பெஞ்ச்மார்க்குக்குத் தமிழ்: கட்டளைக்கல்லா, மட்டக்கல்லா, உரைகல்லா?

கோபி ஆசிரியை:
வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வன்பொருள் கையேடு திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது. ஒரே ஒரு அட்டவணையில் நிற்கிறேன். இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடுகிற அட்டவணை அது. 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060: 12 ஜிபி நினைவகம், தரவு போய்வர 192 பிட் பாட்டை, அதில் நொடிக்கு 360 ஜிபி, மின்சாரம் 170 வாட். 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060: 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி, 115 வாட். இந்த எண்களை மட்டும் பார்த்தால் பழையதுதான் பெரிய ஆள். விளையாட்டை ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் புதியது முந்துகிறது. எல்லாக் கார்டையும் ஒரே சோதனையில் ஓட்டிப் பார்த்த முடிவு அட்டவணையின் கடைசிப் பத்தியில் வருகிறது. அதற்குத் தலைப்பு பெஞ்ச்மார்க். உடன் பணிபுரிபவர் ‘செயல்திறன் மதிப்பீட்டு அளவுகோல்’ என்று போட்டுக் கொடுத்தார். பத்தியில் அடங்கவில்லை. ஒரு சொல் தாருங்கள்.

தாராபுரம் புலவர்:
அம்மணி, சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் ‘கருமமே கட்டளைக் கல்’ என்கிறது குறள் 505. பொன்னை உரசிப் பார்க்கும் கல் அது. உங்கள் 192 பிட்டும் 170 வாட்டும் குலப்பெருமை. ஓடிக் காட்டுவதுதான் கருமம். எனவே கட்டளைக்கல். கட்டளை என்றால் ஏவல் மட்டுமில்லை, வரையறுத்த அளவும்தான். கட்டளைக் கலித்துறை என்ற பா வகையை நினைத்துப் பாருங்கள். ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. பாடியவர் யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். எல்லாக் கார்டுக்கும் ஒரே சோதனை என்பதும் இதுதானே? கட்டு என்ற வேரிலிருந்து கட்டளை, கட்டடம், கட்டுப்பாடு என்று விரித்து நாளை தனியாக எழுதுகிறேன்.

காந்திபுரம் கடைக்காரர்:
புலவர் ஐயா மன்னிக்கணும். கணினிப் பையன்களுக்குக் கட்டளை என்றால் கமாண்ட்தான். ‘கட்டளைக்கல்லை ஓட்டு’ என்று சொன்னால் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன தட்டுவது என்று கேட்பான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: ஸ்கோர் எவ்வளவு, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எவ்வளவு. பெஞ்ச்மார்க் என்றே போட்டுவிடுங்கள் மேடம்.

கோபி ஆசிரியை:
போடலாம். ஆனால் போன வருடம் ஒருவன் விடைத்தாளில் ‘பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தரும் மார்க்’ என்று எழுதியிருந்தான். முதல் பெஞ்ச்காரன்தான்.

பவானி, ஓய்வுபெற்ற பொறியாளர்:
அந்தப் பையன் முழுக்கத் தப்பில்லை, பெஞ்ச் உண்மையிலேயே உண்டு. நில அளவையாளர்கள் கல்லில் கிடைமட்டமாக ஒரு வெட்டு வெட்டி வைப்பார்கள். அதில் இரும்புக் கோணத்தைச் செருகினால் அளவுக்கோல் நிற்க ஒரு பெஞ்ச் ஆகிவிடும். எப்போது வந்து அளந்தாலும் கோல் அதே உயரத்தில் நிற்கும். அதற்கான குறிதான் பெஞ்ச்மார்க். மட்டம் பார்க்காமல் நம் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் வந்திருக்குமா? ஓரடி பிசகினாலும் தண்ணீர் எங்கோ தேங்கிவிடும். என் ஓட்டு மட்டக்கல்லுக்கு.

கூடவே ஒன்று. நினைவக அளவையும் நொடிக்கு இத்தனை ஜிபி என்பதையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். பவானிசாகர் 32.8 டிஎம்சி, வாய்க்கால் நொடிக்கு 2300 கன அடி என்று சொல்லிப் பாருங்கள். முன்னது கொள்ளளவு, பின்னது பாய்ச்சல். பாட்டையின் பிட் எண்ணிக்கை வாய்க்காலின் அகலம். நொடிக்கு இத்தனை ஜிபி என்கிற பேண்ட்விட்த்துக்கு ‘அலைக்கற்றை அகலம்’ என்று எழுதுவதைவிடப் ‘பாய்ச்சல்’ மேல். அலையும் இல்லை, கற்றையும் இல்லை அங்கே.

காந்திபுரம் கடைக்காரர்:
பாய்ச்சல் பிரமாதம்! 192 பிட், ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 15 கிகாபிட், எட்டால் வகுத்தால் 360. வாய்க்கால் கணக்கேதான். 4060-ல் வாய்க்கால் குறுகல், ஆனால் வயலோரத்திலேயே தொட்டி கட்டியிருக்கிறார்கள். சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேச் நினைவகம்தான் அந்தத் தொட்டி, பழையதில் 3 எம்பி, இதில் 24 எம்பி. கடிகார வேகமும் கூட. அதனால்தான் முந்துகிறது. விளையாட்டு 8 ஜிபிக்கு மேல் கேட்டால் அன்றைக்குப் பழையது ஜெயிக்கும். ஆனால் மட்டக்கல் வேண்டாம் சார். ‘மட்டமான கார்டு’ என்று வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார்.

காங்கேயத்து நண்பர்:
எதுக்குங்க இத்தனை கல்? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது விவரக்குறிப்பு. வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது பெஞ்ச்மார்க். ‘ஓட்டிப்பார்ப்பு’ போதாதா?

கோபி ஆசிரியை:
எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது சோதனையை மட்டும் சொல்கிறது. இரண்டு மாட்டையும் ஒரே வண்டியில், ஒரே பாரத்தோடு, ஒரே மேட்டில் ஓட்டினோம் என்பது அதில் இல்லையே. உரைகல் எப்படி? அதே கல்லில் இரண்டு பொன்னையும் உரசுகிறோம். உரைத்துப் பார்த்தேன் என்று வினையாகவும் வரும்.

தாராபுரம் புலவர்:
உரைகல்லும் கட்டளைக்கல்லும் ஒன்றே. ஆனால் கட்டளை கமாண்டோடு மோதும் என்று தள்ளினீர்கள். உரை மட்டும் டெக்ஸ்டோடு மோதாதா? ‘உரைக்கோப்பு’ என்று உங்கள் கையேட்டிலேயே மூன்றாம் பாடத்தில் இருக்கிறது. இன்னொன்று, உரைகல்லை ஏற்றால் ஸ்கோருக்கு ‘மாற்று’ என்றுதான் சொல்ல வேண்டும். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று.

காந்திபுரம் கடைக்காரர்:
‘இந்தக் கார்டுக்கு மாற்று என்ன?’ என்று கேட்டால் நான் வேறு கார்டை எடுத்து நீட்டுவேன் ஐயா. அப்புறம், பொன்னின் மாற்று வெயிலுக்குக் குறையாது. கார்டின் ஸ்கோர் குறையும். சித்திரையில் ஏசி இல்லாத அறையில் ஓட்டினால் சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தாலும் எண் மாறும். இதெல்லாம் உரைகல்லில் வருமா?

பவானி, ஓய்வுபெற்ற பொறியாளர்:
மட்டக்கல்லிலும் வராது, ஒப்புக்கொள்கிறேன். சொல்லுக்குள் பாடம் முழுவதையும் அடைக்க முடியாது. அறை வெப்பம், டிரைவர் பதிப்பு, திரைத் தெளிவு மூன்றையும் அட்டவணைக்குக் கீழே குறிப்பாகப் போட்டுவிடுங்கள் அம்மணி.

கோபி ஆசிரியை:
ஞாயிறு இரவு மணி பதினொன்று. ‘உரைகல் சோதனை’ என்று தலைப்பு, கீழே சிறிய எழுத்தில் பெஞ்ச்மார்க். ஸ்கோருக்குப் ‘புள்ளி’. பேண்ட்விட்த்துக்குப் ‘பாய்ச்சல்’. பவானி ஐயா சொன்ன மூன்றும் அடிக்குறிப்பில். கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

தாராபுரம் புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம். ‘கட்டு’ வேர் பற்றிய கட்டுரை நான்கு பக்கம் வந்திருக்கிறது, காலையில் அனுப்புகிறேன்.

வால்பாறை ஆசிரியர்:
இப்போதுதான் சிக்னல் கிடைத்து எல்லாவற்றையும் படித்தேன். சொல்லுக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கையேட்டின் முகப்பில் ‘வரைகலை அட்டை’ என்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் ‘அட்டையைக் கழற்றிப் பார்’ என்றால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் உப்பையும் தேடுவார்கள். கார்டுக்கு வேறு சொல் இருக்கிறதா?