புதுப்பிப்பு: ஆயில் சொட்டியதன் காரணம் தெரிந்தது

போன வாரம் பொள்ளாச்சி வீட்டில் நானே காருக்கு இஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியதையும், மறுநாள் காலை தரையில் கையகலத்துக்கு ஆயில் கிடந்ததையும் எழுதியிருந்தேன். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், சொட்டு நிற்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் டிராக்டர் வேலை தெரிந்தவர். குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பழைய ஃபில்டரோட ரப்பரும் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். கழற்றிப் பார்த்தால், பழைய ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறது! அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கியிருக்கிறேன். ஓடும்போது அழுத்தத்தில் ரப்பர் பிதுங்கினால் மொத்த ஆயிலும் கொட்டி, இஞ்சின் இறுகி நின்றுவிடும். நல்லவேளை, தூரமாக எங்கும் போகவில்லை.

இடத்தைத் துடைத்து, புது ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினேன். குறைந்த ஆயிலை, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு பார்த்து ஊற்றினேன். 4 நாளாகச் சொட்டே இல்லை.

அப்புறம், கொட்டிய ஆயிலுக்குத் தென்னை நார்க்கழிவைத் தூவினேன், நன்றாக உறிஞ்சியது. பழைய ஆயிலை வேலிக்கம்பத்துக்குப் பூசக் கேட்டார்கள். வேலியை ஒட்டி பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் போகிறது, ஆயில் தண்ணீரில் கலந்துவிடும் என்று தரவில்லை. மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கேனோடு கொடுத்துவிட்டேன்.