மாவட்டத்தால கம்பஸ் கிடைச்சது, தவறினது: கண்டதைப் பகிருங்கோ

கணித வாத்தி, கோப்பாய்:
மாவட்டவாரியாய்க் கம்பஸுக்கு வேண்டிய ஆகக் குறைஞ்ச புள்ளி, அதுதான் வெட்டுப்புள்ளி, வந்த அண்டைக்கு ரியூசன் வாசலில ஒரு தகப்பனும் மகனும். வீடு கிளிநொச்சிப் பரந்தன். பெடியன் ஓ.எல். வரைக்கும் கிளிநொச்சியில, ஏ.எல். மட்டும் யாழ்ப்பாணத்தில. பௌதிக விஞ்ஞானம். தகப்பன் போனில அட்டவணையைப் பெருப்பிச்சு, யாழ்ப்பாண நிரலில ஒரு விரலும் கிளிநொச்சி நிரலில ஒரு விரலும் வைச்சுக்கொண்டு நிண்டார். பெடியன் ஏ.எல்.லில எடுத்த இசட் புள்ளி ரெண்டுக்கும் நடுவில. ஒரு மாவட்டத்தில எடுபடுவான், மற்றதில இல்லை. "சேர், இவன் இப்ப எந்த ஊர்?" எண்டு கேட்டார். விண்ணப்பத்தில பள்ளிக்கூடம் இருக்கிற ஊரைப் பார்த்து யாழ்ப்பாணம் எண்டு நிரப்பியாச்சு. அந்தக் கேள்விதான் இன்னும் குடையுது.

நெல்லியடிக்காரன்:
வாத்தியார், அந்த ரெண்டு விரலுக்கு நடுவில நிக்கிற பிள்ளைக்குத்தான் மாவட்டம் எண்டது ஒரு பிரச்சினை. கனபேர் இதை விளங்காமல் குழம்பினம். ஒரு கற்கைநெறிக்கு உள்ள இடங்களில முதல் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, அதில மாவட்டம் பார்க்கிறேல்லை. அதில எடுபட்ட யாழ்ப்பாணப் பிள்ளையள் யாழ்ப்பாணத்து மாவட்டப் பங்கைத் தின்னவும் மாட்டினம். பிறகு 55 வீதம், மாவட்டச் சனத்தொகைப்படி பிரிக்கிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு. வடக்கின்ர அஞ்சு மாவட்டமும் அந்தப் 16க்குள்ள வருது. சில சிறிய கற்கைநெறியளுக்கு மாவட்டமே இல்லை, முழுக்கத் திறமைதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கைநூலில அதுகளைத் தனியப் பிரிச்சுப் போட்டிருக்கு.

இன்னொண்டு: எந்த மாவட்டமாய் இருந்தாலும் ஒரே அமர்வில மூண்டு பாடமும் சித்தி, ஏ.எல்.லோட எழுதுற பொதுச் சாதாரணப் பரீட்சையில 30 புள்ளி, இது ரெண்டும் இல்லாட்டி உள்ளுக்கே எடுக்காயினம். நல்ல இசட் வைச்சுக்கொண்டு 28 எடுத்த பிள்ளையை எனக்குத் தெரியும். "சும்மா பேப்பர்தானே" எண்டு படிக்காமல் போனவள்.

வடமராட்சிப் பெரிசு:
எல்லாம் 1971இல தொடங்கின அநியாயம். தரப்படுத்தல் எண்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின்ர கழுத்தை நெரிச்சாங்கள். இண்டைக்கும் அதுதான் நடக்குது.

மன்னார் அக்கா:
அண்ணை, கோவிக்காதேங்கோ, ரெண்டைப் போட்டுக் குழைக்கிறியள். 1971இல வந்தது மொழிவாரித் தரப்படுத்தல். தமிழில எழுதின பிள்ளைக்குக் கூடின புள்ளி வேணும் எண்டது. அது அநியாயம், அதில சண்டை இல்லை. மாவட்டக் கோட்டா 1974இல வந்தது. அதால யாழ்ப்பாணம் இழந்தது உண்மை. ஆனால் மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்புப் பிள்ளையளும் தமிழ்ப் பிள்ளையள்தானே? எங்கட பக்கத்தில மருத்துவ பீடம் எண்டதைக் கண்ணால கண்டது அதுக்குப் பிறகுதான்.

இண்டைக்கு யாழ்ப்பாணத்துக்கு அடி விழுறது வேற இடத்தில. கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஒரு துறைக்கு 1000 இடம் எண்டு வையுங்கோ, மாவட்டப் பங்கு 550. 1981 கணக்கெடுப்பில, அப்ப யாழ்ப்பாண மாவட்டத்தோட இருந்த கிளிநொச்சியைக் கழிச்சும் யாழ்ப்பாணத்தில 7 இலட்சத்து 38 ஆயிரம் சனம், நாடு முழுக்க ஒரு கோடி 48 இலட்சம். 550இல 27 இடம் வரும். 2012இல யாழ்ப்பாணம் 5 இலட்சத்து 83 ஆயிரம், நாடு 2 கோடி 3 இலட்சம். அதே 550இல 16கூட முழுசாய் வராது. கிளிநொச்சி ஒரு இலட்சத்து 13 ஆயிரம், மூண்டு இடம். கனடாவுக்கும் லண்டனுக்கும் போன சனம் பங்கையும் கொண்டு போட்டுது. சட்டத்தைத் திட்டுறதெண்டால் இந்தக் கணக்கையும் சேர்த்துத் திட்டுங்கோ.

வடமராட்சிப் பெரிசு:
பிள்ளை, கணக்குச் சரி. ஆனால் சனம் ஏன் போனது எண்டதும் ஒரு கணக்கு.

பிரதேச செயலகப் பக்கம்:
சண்டையை விட்டிட்டு வாத்தியார்ர கேள்விக்கு வருவம். கவுண்டரில ஒரு தாய், கையில வதிவிடச் சான்றிதழ். "தற்போது இம்முகவரியில் வசிக்கிறார்" எண்டு மட்டும் இருக்கு. எப்ப இருந்து எண்டு இல்லை. விண்ணப்ப முடிவுக்கு முதல் நாள் பின்னேரம், கையெழுத்துப் போடுற விதானையார் (கிராம அலுவலர்) களத்தில. மனிசி வாங்கில இருந்து எழும்பவே இல்லை.

ஆரும் கேக்கேல்லை எண்டாலும் சொல்லுறன். மாவட்டத்தைப் பிள்ளை தெரிவு செய்யுறேல்லை, மானியங்கள் ஆணைக்குழு பதிவுகளைப் பார்த்துத் தீர்மானிக்கும். ஏ.எல்.க்கு மட்டும் வெட்டுப்புள்ளி குறைஞ்ச ஊரில போய்ப் பதிஞ்சால் அந்த ஊர்க் கோட்டா கிடைக்கும் எண்டு நம்பாதேங்கோ. பொய்த் தகவல் எண்டு தெரிஞ்சால் கம்பஸில பதிஞ்ச பிறகும் அனுமதியை வெட்டலாம். ஆகவே உள்ளதை உள்ளபடி காட்டுற கடுதாசியைத்தான் சேர்க்க வேணும்.

விதானையாரின்ர கடிதத்தில "இன்ன ஆண்டு தொடக்கம்" எண்ட வசனத்தைக் கேட்டு எழுதுவியுங்கோ, பிறகு பிரதேச செயலாளரின்ர மேலொப்பம். தாய் தகப்பன்ர வாக்காளர் இடாப்புப் பிரதியை ஒரு வருசத்துக்கு மட்டும் எடுக்காமல், தொடர்ச்சியாய்ப் பின்னோக்கி எடுங்கோ. கூடக் கோளாறு வாறது விடுகைப் பத்திரத்தில. பழைய பள்ளிக்கூடம் விட்ட திகதிக்கும் புதுசில சேர்ந்த திகதிக்கும் இடையில மாதக்கணக்கில இடைவெளி இருந்தால் கேள்வி வரும். ஓ.எல். முடிச்சு ரிசல்ட் வரும் வரைக்கும் உள்ள காலம் எண்டு அதிபரிட்டை ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ. பேரில எழுத்துப் பிழை இருந்தால் அதையும் பிறப்புச் சான்றிதழோட ஒத்துப் பாருங்கோ. இடம்பெயர்ந்து மீளக்குடியேறின குடும்பங்களுக்கு இடாப்பு ஒரு ஊரிலயும் பள்ளிக்கூடம் இன்னொரு ஊரிலயும் இருக்கும். அவை கடைசி வாரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வாத்தியார், அந்தப் பெடியன்ர மாவட்டம் பிழையாய்ப் பதிஞ்சிருந்தால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு போடலாம். ரெண்டு பள்ளிக்கூடத்துப் பதிவும் வதிவிட ஆவணமும் சேர்த்துப் போடச் சொல்லுங்கோ. அந்தந்த வருசத்துக் கைநூலைத்தான் வாசிக்க வேணும், அண்ணன்ர பழைய புத்தகம் வேண்டாம்.

நல்லூர்க் கணினி:
இதெல்லாம் அரச கம்பஸுக்கு. தனியாரில மாவட்டம் ஆரும் கேக்கிறேல்லை, பரந்தனோ பம்பலப்பிட்டியோ ஒண்டுதான். ஆனால் கொழும்புப் பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுப் படிக்கும், எங்கட பிள்ளைக்கு வெள்ளவத்தையில அறை வாடகை, சாப்பாடு, பஸ். கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துப்போட்டு ரெண்டாம் வருசம் திரும்பி வாறவை இருக்கினம். வெளிநாட்டுப் பட்டமெண்டால் ஒரு பகுதி டொலரிலயோ பவுணிலயோ கட்ட வேணும். 2022இல 200 ரூபாய் டொலர் ரெண்டு மூண்டு மாதத்தில 360 ஆன நேரம், கட்டின ரசீதையும் புது பில்லையும் பக்கத்தில வைச்சுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன்ர முகம் மறக்கேலாது. தங்கச்சியின்ர சங்கிலி அண்டைக்குத்தான் அடைவுக்குப் போனது.

ஏ.எல். ரிசல்டுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையில மாதங்கள் கிடக்கு. அந்த இடைவெளியில தனியார்காரர் "இண்டைக்குப் பதிஞ்சால் கழிவு" எண்டு போன் எடுப்பினம். அரச இடம் கிடைச்சால் பதிவுக்காசு திரும்பி வருமோ எண்டதை எழுத்தில கேளுங்கோ. உள்ளூர்ப் பட்டமெண்டால் 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்ர 25ஏ பிரிவில, நிறுவனத்துக்கு மட்டுமில்லை, அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கும் அங்கீகாரம் இருக்கோ எண்டு பாருங்கோ. இணையத்தளத்தில இலச்சினை போட்டிருக்கிறது காணாது, வர்த்தமானி இலக்கத்தைக் கேளுங்கோ.