தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போது புது மீனை விடலாமா?

ஹட்டன் தொட்டி:
வணக்கம். கடல்மீன் தொட்டி வைத்து இன்றைக்கு இருபத்தைந்து நாள். 120 லீற்றர். சனிக்கிழமை மச்சான் கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறார், ஒரு நீமோ (கோமாளி மீன்) கொண்டுவருவார். கடைக்குப் பணமும் கட்டியாயிற்று. ஆனால் நான்கு நாளாகத் தண்ணீர் கஞ்சித்தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. தொட்டிக்குப் பின்னால் ஒட்டிய நீலத்தாள்கூடத் தெரியவில்லை. உள்ளே இருக்கும் ஒரே மீன், டாம்சல் என்ற சிறு கடல்மீன், நன்றாகத்தான் சாப்பிடுகிறது. போன கிழமை மரம் விழுந்து ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, அதற்குப் பிறகுதான் இப்படி. மீனை விடலாமா, மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லவா? அன்றைக்கு மகளின் பிறந்தநாள்.

கண்டிக்கரை:
விடலாம் தம்பி. கலங்கல் வேறு, நஞ்சு வேறு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கரையோரக் கடலே கலங்கித்தான் கிடக்கும், மீன் அங்கேதான் வாழ்கிறது. ஐந்தாறு மணிநேரம் பைக்குள் வரும் மீனை நீங்கள் யோசித்துக்கொண்டு பையிலேயே வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. மீன் கழிவிலும் அழுகலிலும் உண்டாகும் நஞ்சான அமோனியாவை அளந்து பாருங்கள். பூச்சியம் என்றால் தயங்க வேண்டாம்.

பனிமலர் (நானுஓயா):
தம்பி, அவசரப்படாதீர்கள். முதலில் அது என்ன கலங்கல் என்று தெரிய வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை அள்ளி மேசையில் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருந்தால் மணல்தூள், பயமில்லை. படியாமல் அப்படியே வெளுத்து நின்றால் பக்டீரியா பெருகியிருக்கிறது. அது ஒட்சிசனைக் குடித்துத்தான் பெருகும். மீனுக்கும் அதே ஒட்சிசன்தான். அமோனியா, சூடு, உப்பளவு மூன்றையும் எழுதுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்?

ஹட்டன் தொட்டி:
டம்ளரில் படியவில்லை அக்கா. இரவு வைத்தபடியே இருக்கிறது. அமோனியா 0.5. காலையில் சூடு 22 பாகை. உப்பு 1.022 (அடர்த்திக் கணக்கில்). தண்ணீர் நீர்கொழும்பில் கேன்களில் பிடித்தது. இரண்டு கேன் மூடியபடி பத்து நாள் கிடந்தது. கரண்ட் வந்த பிறகு அதிலிருந்துதான் 40 லீற்றர் மாற்றினேன். திறக்கும்போது கொஞ்சம் மணம் இருந்தது, கடல் மணம்தானே என்று நினைத்துவிட்டேன்.

பனிமலர் (நானுஓயா):
அதுதான் காரணம். கடல்தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஏராளம். மூடிய கேனுக்குள் அவை செத்து அழுகும். கரண்ட் போன இரவில் உங்கள் தொட்டிக் கற்களில் வாழும் சிற்றுயிர்களும் கொஞ்சம் செத்திருக்கும். இரண்டும் சேர்ந்து பக்டீரியாவுக்குச் சாப்பாடு. பிடித்த தண்ணீரை இரண்டு மூன்று கிழமை இருட்டில் வைத்து, அடிமண்டியைத் தொடாமல் மேலாக எடுத்து, ஒரு நாள் காற்றடித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இப்போது புது மீன் வேண்டவே வேண்டாம்.

கண்டிக்கரை:
காரணம் சரி, முடிவுதான் கடுமை. இந்த மாதிரிக் கலங்கல் என் தொட்டியில் மூன்று தடவை வந்திருக்கிறது. ஒரு கிழமையில் தானாகத் தெளிந்தது, 0.5 அமோனியாவில் டாம்சல் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒட்சிசன் பயமும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் அதிக ஒட்சிசன் பிடிக்கும், ஹட்டன் குளிர்தானே.

பனிமலர் (நானுஓயா):
அண்ணே, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. வெளியில் குளிர்தான், ஆனால் நீமோவுக்காகத் தொட்டியை 25, 26 பாகைக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் கடல்மட்டத்தில் கடல்தண்ணீர் பிடிக்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு. நன்னீரில் 8.3 வரை போகும். உப்புத் தண்ணீர் ஏற்கெனவே குறைவாகத்தான் பிடிக்கும். அதற்கு மேல் உயரம். உங்கள் கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர், ஹட்டன் 1,270. அங்கே காற்றழுத்தமே கடற்கரையைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, ஒட்சிசனும் அதே கணக்கில் குறையும். கொழும்பில் கட்டிய மீன்பை ஹட்டனில் இறங்கும்போது பந்து மாதிரி விறைத்து நிற்பதைப் பாருங்கள், மெல்லிய காற்றுக்கு அதுவே சாட்சி.

இன்னொன்று. கடல்தண்ணீரின் பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8.2 அளவில் இருக்கும். அதே 0.5 அமோனியாவில் நஞ்சான பங்கு, பி.எச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். டாம்சல் தாங்கியது என்றால் அது டாம்சலின் உடம்பு, நீமோவின் உடம்பு அல்ல.

என் முதல் தொட்டியில் இதே வெள்ளைக் கலங்கலில் ஒரு மீன் விட்டேன். மாலையில் உற்சாகமாகத்தான் நீந்தியது. விடியற்காலை ஐந்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது மேல்தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து நின்றது, செவுள் படபடவென்று அடித்தது. இராத்திரி முடியும் நேரத்தில்தான் ஒட்சிசன் அடிமட்டத்துக்குப் போகும். ஏழு மணிக்கு அது இல்லை. இன்றைக்கும் அந்த வாய் கண்ணுக்குள் நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெலிமடை:
கடையில் தண்ணீர் தெளியவைக்கும் மருந்து போத்தல் விற்கிறார்களே, ஊற்றினால் ஒரே நாளில் தெளியும்.

பனிமலர் (நானுஓயா):
தூளைக் கட்டியாக்கி பில்டரில் மாட்டவைப்பதுதான் அதன் வேலை. அமோனியா அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால் நாம் ஏமாந்து மீனை விடுவோம். ஊற்ற வேண்டாம்.

கண்டிக்கரை:
உயரக் கணக்கை நான் யோசிக்கவில்லை, அதை ஏற்கிறேன். பெரிய தொட்டியில் விட வேண்டாம். ஆனால் மச்சானைத் திருப்பி அனுப்பவும் தேவையில்லை. 40 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் உப்பு மாவு (கடையில் விற்கும் கடல்உப்புக் கலவை) கலந்த புதுத் தண்ணீர், தனி ஹீட்டர், காற்றுக்கல், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றம், போதும். புது மீனை எப்படியும் நான்கு கிழமை தனியாக வைத்து வெண்புள்ளி நோய் வருகிறதா என்று பார்க்கத்தானே வேண்டும்? பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், மலைக்குளிர் ஹட்டனுக்கு முன்பே தொடங்கிவிடும். அப்புறம், பையைத் திறந்த பிறகு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டாம். மூடிய பையில் மீன் விட்ட மூச்சு பி.எச்-ஐ இறக்கி வைத்திருக்கும். திறந்ததும் பி.எச் ஏறும், அதுவரை சாதுவாக இருந்த அமோனியா நஞ்சாகும். உப்பளவைப் பையோடு ஒப்பிட்டு முன்பே சரிசெய்து வைத்து, சூடு ஒத்துப்போனதும் மீனை மட்டும் கையில் ஏந்தி எடுத்து விடுங்கள்.

பனிமலர் (நானுஓயா):
பை விஷயத்தில் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. தனித்தொட்டியும் நல்ல வழிதான், இரண்டாவது ஹீட்டர் இருந்தால். இரவில் மறுபடி கரண்ட் போனால் 40 லீற்றர் சீக்கிரம் ஆறிவிடும். என் மனம் இன்னும், கடைக்காரரிடமே இரண்டு கிழமை வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறது. அந்த டாம்சலையும் மறக்காதீர்கள். முதலில் வந்தது அது, தொட்டி முழுக்கத் தன் இடம் என்று நினைத்து நீமோவைக் கடித்துத் துரத்தும். விடும் நாளில் கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள்.

ஹட்டன் தொட்டி:
என்னிடம் ஒரு ஹீட்டர்தான் இருக்கிறது. கடைக்குப் பேசினேன், பதினைந்து நாள் வைத்திருக்க ஒத்துக்கொண்டார். மச்சான் அந்த மீனை வீடியோ எடுத்து அனுப்பினார். மகள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள்.

காற்றுக்கல் இரண்டு போட்டிருக்கிறேன், சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன். உப்பு மாவு கலந்து நேற்று 25 லீற்றர் மாற்றினேன். இன்று காலை அமோனியா 0.25, சூடு 24. பின்னால் நீலத்தாளின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது. கண்டி அண்ணே, 120 லீற்றருக்கு இந்தக் குளிரில் எத்தனை வாட் ஹீட்டர் வாங்கலாம்? இப்போது இருப்பது 100.

கண்டிக்கரை:
200 தம்பி. ஒரே 200 வாங்காமல் நூறு நூறாக இரண்டு வையுங்கள், ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். தனித்தொட்டிக்கும் ஆகும்.