அரசியல் அறிவியல் படித்தவர்களே, பாடம் உங்கள் எதிரே வந்து நின்ற நாள் எது?

வைகைக்கரை:

அக்கா மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டு, பி.ஏ. அரசியல் அறிவியல்தான் எடுப்பேன் என்று நிற்கிறாள். வீட்டில் அதே பழைய கேள்வி: "எந்தக் கட்சியில சேரப் போறவ?" 2003-இல் நான் சேர்ந்தபோது என்னையும் இதைத்தான் கேட்டார்கள். "மாமா, நீங்க படிச்சீங்கள்ல, அதுல என்னதான் இருக்கு?" என்று அவள் கேட்டாள். பாடத்திட்டத்தை ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. படித்ததில் பாதி மறந்துபோய்விட்டது. ஆனால் ஒரு பாடம் மட்டும் ஆள் உருவில் வந்து என் எதிரே உட்கார்ந்தது. அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும், எழுதுங்கள். அவளிடம் அப்படியே படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்லூரி மதுரையில். இரண்டாம் வருஷம், ஊராட்சிகளைப் பற்றிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பாடமாக வந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறை, பதினோராவது அட்டவணை, 29 துறைகள், ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள், தலைவர் பதவியிலும் பங்கு. எல்லாம் போர்டில் எழுதி முடித்த சார் திரும்பி நின்று, "சரி, அவங்கவங்க ஊர் பிரசிடெண்ட் பேரைச் சொல்லுங்க" என்றார். முதல் பெஞ்சிலிருந்து பெயர் பெயராக வந்தது. என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து நின்றான்.

"எங்க ஊருக்குப் பிரசிடெண்டே இல்ல சார்."

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அன்று மீதி நேரம் முழுக்க அவன்தான் பேசினான். 1996-இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் தனி ஊராட்சிகள் ஆயின, அதாவது தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தலும் அப்படித்தான். தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் முடிவெடுத்துவிட்டார்கள். வேட்புமனு போட்டால் காட்டு வேலை கிடையாது. சில தடவை மனுவே விழாது. சில தடவை அவர்களே ஓர் ஆளை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனேயே ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த முருகேசனை, 1997 ஜூன் 30 அன்று, உடன் இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் போர்டில் இருந்த திருத்தமும் என் ஊர்ப் பேச்சும் ஒரே விஷயம் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஏனென்றால் தடுத்து நின்றவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். என் தாய்மாமனிடம் கேட்டேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய மனுஷர். "சட்டம் எழுதுனவன் இந்த ஊருக்கு வந்து பாத்தானாடா?" என்றார். அப்புறம் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் வருஷம் புராஜெக்டுக்கு இதையே எடுத்தேன். நண்பன்தான் அவன் ஊருக்குக் கூட்டிப்போனான். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். அப்படி ஒருமுறை 'ஜெயித்த' ஒருவரைப் பார்த்தோம். வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கேள்வித்தாளை எடுத்தேன். ஏழு கேள்வி எழுதி வைத்திருந்தேன், ஒன்றைக்கூடக் கேட்க வரவில்லை. அவரே உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். ரேஷன் கார்டுக்கு அடியில், நாலாக மடித்து, வெற்றிச் சான்றிதழ்.

"இது ஜெயிச்சதுக்குக் குடுத்தது. ராசினாமாத் தாளு அவுக கையிலயே ரெடியா இருந்துச்சு. கைநாட்டு மட்டும்தான் நான் வச்சது."

எவ்வளவு நேரம் பிரசிடெண்டாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "காலையில போனோம், பொழுது சாய வந்துட்டோம்" என்றார். நான் எழுதாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "இத எழுதுனா உனக்கு மார்க்கு வருமா தம்பி? அப்ப எழுதிக்க."

எழுதினேன். நல்ல மார்க் வந்தது. அதற்கப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்கள் எழுதுங்கள்.

தாலுகா ஆபீஸ்:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. அந்தக் கவர் கண்ணிலேயே நிற்கிறது.

நானும் பி.ஏ. அரசியல் அறிவியல்தான். குரூப் ஃபோர் எழுதி வருவாய்த் துறைக்கு வந்தேன். 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வாக்குச்சாவடி அலுவலர் வேலை. பட்டியலில் பெயர் பார்த்து, உரக்கப் படித்து, அடிக்கோடு போடுவது என் பொறுப்பு. கொரோனா நேரம், வந்தவர்களுக்கெல்லாம் வலது கைக்கு பிளாஸ்டிக் கையுறை.

மதியம் மூன்று மணி இருக்கும். எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி சீட்டை நீட்டினார். பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயருக்குக் கீழே கோடு இருந்தது. என் பேனா, என் கோடு. அதே பெயரில் இன்னொருவர் காலையில் வந்திருக்கிறார், நான் வரிசை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். வேறு யாராவது அவர் பெயரில் போட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். எப்படிப் பார்த்தாலும் கவனிக்காமல் விட்டது நான்.

தலைமை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, "ஓட்டு விழுந்துடுச்சு பாட்டி, கிளம்புங்க" என்றார். பாட்டி இடது கை விரலைக் காட்டினார். "மை இல்லியே சாமி, நான் எங்க போட்டேன்?" அவ்வளவுதான் கேட்டார். சத்தம் போடவில்லை.

மூன்றாம் வருஷத்தில் தேர்தல் நடத்தை விதிகள் 1961 எங்களுக்குப் பாடம். எங்கள் மேடம் 49பி (49P) விதியை இரண்டு வகுப்பு நடத்தினார். ஒருவர் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டிருந்தால், அடையாளம் சரியாக இருக்கும்பட்சத்தில், அவருக்குத் தாளில் ஓர் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தர வேண்டும். இயந்திரத்தில் போட முடியாது. நான் எழுந்து சொன்னேன். தலைமை அலுவலர் முதலில் முறைத்தார், பிறகு கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர், அன்று அவருக்கும் காலை நாலரை மணியிலிருந்து வேலை.

அப்படிப்பட்ட வாக்குகளைப் பதியும் 17பி (17B) படிவத்தில் பாட்டி ரேகை வைத்தார். சீட்டையும் அம்புக்குறி முத்திரையையும் கையில் கொடுத்ததும் அவர் முகம் மாறிய மாற்றத்தை நான் மறக்க மாட்டேன். "அட, பழைய மாதிரி குத்துறதா!" கையுறையைக் கழற்றிவிட்டு, சீட்டை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டு, அழுத்திக் குத்தினார். மடித்துக் கொடுத்தார். அதைத் தனி உறையில் வைத்தோம்.

போகும்போது என்னைப் பார்த்து, "என் ஓட்டு சேந்துருமா கண்ணு?" என்றார்.

சேராது. அந்த உறையை எண்ணிக்கை அன்று பிரிக்க மாட்டார்கள். தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு வேலை. இது அவரை வெளியே அனுப்ப நினைத்தவருக்கும் தெரியும், விதி பேசிய எனக்கும் தெரியும். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மெஷின் கணக்குல சேராது பாட்டி. நீங்க வந்தீங்க, போட்டீங்கன்னு பதிவாகியிருக்கு. தப்பு எங்க மேல" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "அடுத்த தடவ பாத்து எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எந்தத் தேர்தல் வேலையிலும், பெயரோடு தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் சேர்த்துப் படிக்காமல் நான் கோடு போட்டதில்லை.

நல்லூர்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தப் பாடத்தின் பெயர் அரசறிவியல். இப்போது உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன்.

நான் கம்பஸில் படிக்கேக்க, மாகாண சபைகளைக் கொண்டுவந்த இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் எங்களுக்கு முழுக்கக் கடதாசிதான். சட்டம் வந்தது 1987-இல். வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு வருசக்கணக்காகத் தேர்தல் இல்லை. "சேர், இல்லாத சபையின்ர அதிகாரங்களை ஏன் பாடமாக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. அது இருந்த ஐந்து வருசத்தைப் பார்த்தவன் என்ற முறையில், எது அதிகாரம், எது அதிகாரம் போலத் தெரிந்தது என்று பிரித்துச் சொல்ல முயற்சிக்கிறேன்.

சந்தோசமான ஒன்றும் சொல்ல வேணும். சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி மூன்று விருப்பு வாக்கு போடலாம் என்று வருசாவருசம் படிப்பிப்போம். 1982 தொடக்கம் ஒருமுறைகூட இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிடுவார். 2024 செப்டெம்பர் 22 அன்று ஒருவரும் தாண்டவில்லை. முதல் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் விலக்கப்பட்டு, விருப்பு வாக்குகளை எண்ணத் தொடங்கினார்கள். என் தொலைபேசி விடாமல் அடித்தது. "சேர், நீங்கள் படிப்பிச்சது நடக்குது!" அந்தப் பிள்ளைகளின் குரலுக்காகவே இன்னும் பத்து வருசம் படிப்பிக்கலாம்.

செகண்ட் இயர்:

இப்பதான் படிக்கிறேன், எனக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. நான் தமிழ் மீடியம். புத்தகமெல்லாம் இங்கிலீஷில் இருக்கு, வகுப்பில் பாதி புரியவில்லை. அதோட வேலை கிடைக்குமா என்று வீட்டில் தினமும் பேச்சு.

தாலுகா ஆபீஸ்:

தம்பி, முதலில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலைத் தமிழில் ஒருமுறை முழுக்கப் படித்துவிடு. அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஒரு நோட்டில் இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அதற்குக் கீழே உன் ஊரிலிருந்து ஓர் உதாரணம் என்று எழுதிக்கொண்டே வா. இறையாண்மை, நீதிப்பேராணை எல்லாம் அப்படித்தான் எனக்கு வசப்பட்டது. வேலை என்று பார்த்தால் டி.என்.பி.எஸ்.சி. இருக்கிறது, மூன்று வருஷச் சட்டப் படிப்பு இருக்கிறது. சிவில் சர்வீஸில் இது விருப்பப் பாடம், 250 மார்க்கில் இரண்டு தாள். சும்மா கிடைக்காது, ஆனால் கதவு மூடியில்லை. அடுத்த கிராம சபைக்குப் போய் வரவு செலவுக் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேள். உன் நாள் அங்கேயே வந்தாலும் வரும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அந்தப் பாட்டி கதையை அக்கா மகள் இரண்டு தடவை படித்துவிட்டாள்.

மீதியைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் படிப்பை முடித்த அதே 2006 அக்டோபரில் அந்த நாலு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. பத்து வருஷம் கழித்து. அதிகாரிகள் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். அதற்கு முன்னாலேயே, வருஷக்கணக்காக, மனு போடுவோம் என்று சொல்லி அடி வாங்கியவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே கூடாது.

வாக்குப்பதிவு அன்று நண்பனோடு போனேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போலீஸ் வேன்கள். எனக்கு அங்கே ஓட்டு இல்லை, வேப்பமரத்தடியில் நின்றேன். வரிசையில் நண்பனுக்கு நாலு பேர் முன்னால் அந்தப் பெரியவர், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். என் மாமா வீட்டு ஆட்கள் சிலரும் அதே வரிசையில் நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. வரிசை மட்டும் நகர்ந்தது.

முடிவு வந்த அன்று நண்பன் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் காயின் போட்டு எங்கள் சாருக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில் நின்றேன். எதிர்முனையில் சார் எடுத்ததும் இவனுக்குக் குரல் வரவில்லை. இன்னொரு ரூபாய் போட்டேன்.

"சார், ரெண்டாம் வருஷம் ஒரு கேள்வி கேட்டீங்கள்ல. எங்க ஊர் பிரசிடெண்ட் பேரு இப்பச் சொல்றேன் சார்."