மோட்டார் போச்சு, புதுசு வாங்குங்க என்கிறார்கள். பழைய மிக்சியை என்ன செய்வது?

வேளச்சேரிக்காரி:
வணக்கம். எங்கள் வீட்டு மிக்சி இட்லிப்பொடி அரைக்கும்போது லேசாகக் கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் பிரித்துக்கூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு, மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார்கள். ஜார் மூன்றும் நன்றாக இருக்கின்றன, தூக்கிப் போட மனசு வரவில்லை. இது மட்டும் இல்லை, பரணில் ஓடாத டேபிள் ஃபேன், கைப்பிடி உடைந்த குக்கர், பையனுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள் எல்லாம் கிடக்கின்றன. அபார்ட்மென்டில் நாற்பது வீட்டுக்கு மேல், எல்லார் பரணும் இப்படித்தான், அதிலும் வருடத்துக்கு இரண்டு ஆணி அடிக்க வீட்டுக்கு ஒரு டிரில் மெஷின் வேறு! எதை ரிப்பேர் செய்யலாம், எதைப் பொதுவில் வைக்கலாம்?

காயில்கடை:
மேடம், பிரிக்காமல் சொன்னதை நம்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். லோடு அதிகமானால் அது தானாக ட்ரிப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றும். நன்றாக ஆறவிட்டு அமுக்குங்கள். "செத்துப்போச்சு" என்று என் கடைக்கு வரும் மிக்சிகளில் பாதிக்கு வைத்தியம் அதுதான், காசு வாங்கவே கூச்சமாக இருக்கும். அப்படியும் ஓடாவிட்டால் மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர். பல மிக்சிகளில் அது எதிர் மரை, வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும், பார்த்து. மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் கருத்திருந்தால்தான் பெரிய செலவு, அதையும் தனியாக மாற்றலாம். அதைச் சுற்றிச் சுழலாமல் இருக்கும் ஃபீல்டு காயில் கருகியிருந்தால் புதுக் கம்பி சுற்றிக் கட்டித் தருவார்கள், செம்புக் கம்பியா அலுமினியமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மிக்சிகள் இன்னமும் எங்களிடம் ரிப்பேருக்கு வருகின்றன.

டேபிள் ஃபேன் கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறதா? அப்படியானால் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க உதவும் கண்டன்சர் போயிருக்கும். கையாலேயே இறுக்கமாகச் சுற்றினால் ஃபேனின் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கும், எண்ணெய் போதும்.

மதுரை மொட்டைமாடி:
பொது அலமாரி மட்டும் வைக்காதீர்கள் அக்கா. எங்கள் பிளாக்கில் வைத்தோம், ஒரே மாதத்தில் ஒற்றைச் செருப்பும் காலாவதியான டானிக்கும்தான் இருந்தது. இப்போது பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கும், யாரிடம் ஏணி, யாரிடம் டிரில், யாரிடம் அண்டா என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் மட்டும். பொதுக்காசில் வாங்கியது எவர்சில்வர் தட்டும் டம்ளரும்தான். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பூசிய தட்டுக்கும் கப்புக்கும் தடை வந்த பிறகும், மாடியில் ஒரு பிறந்தநாள் முடிந்தால் மூட்டை மூட்டையாகக் குப்பை இறங்கிக்கொண்டிருந்தது, அது நின்றது. யார் கழுவுவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் விசேஷக்காரரே கழுவ வேண்டும், முடியாவிட்டால் வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
எல்லாவற்றையும் கட்டிக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது என் கட்சி. மிக்சி நாளுக்குப் பத்து நிமிடம்தான் ஓடுகிறது, கரண்டில் பழசு புதுசு பெரிய வித்தியாசம் இல்லை, ரிப்பேர்தான் லாபம். ஆனால் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் ஃபேனுக்கு 30 வாட் சுமார் போதும். சென்னை வெயிலில் நாள் முழுக்க ஓடுகிற ஃபேனுக்குக் காயில் கட்டுவது எனக்குக் கணக்கில் வரவில்லை, கண்டன்சர் மட்டும் என்றால் சரி.

குக்கருக்குக் கைப்பிடி தாராளமாக மாற்றலாம், ஆனால் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அதே கம்பெனியுடையதுதான் போட வேண்டும், அதில் சிக்கனம் வேண்டாம். தேறாத எலக்ட்ரிக் சாமானை வண்டியில் வருபவரிடம் போடாதீர்கள், அது கைமாறிப் போகிற இடத்தில் செம்புக்காக வயரைக் கொளுத்துகிறார்கள். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருடையது, பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்ப்பதுதான் முறை.

ஞாயிறு டீ:
2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்பவர் ரிப்பேர் கஃபே என்று ஆரம்பித்தார், ஒரு ஹாலில் டூல்ஸோடு தன்னார்வலர்கள் இருப்பார்கள், உடைந்ததைக் கொண்டுபோய் அவர்களோடு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். நீங்களும் ஒரு ஞாயிறு காலை பார்க்கிங்கில் மேஜை போட்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கையும் சைக்கிள் கடைக்காரரையும் கூப்பிடலாமே? இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள், நம் ஊரில் இது அவர்களுடைய பிழைப்பு.

வேளச்சேரிக்காரி:
காயில்கடை அண்ணா, பட்டன் அமுக்கியும் ஓடவில்லை. தெருமுனைக் கடையில் பிரித்துக் காட்டினார், பிரஷ் ஒரு பக்கம் அடியோடு தேய்ந்திருக்கிறது, ஆர்மேச்சரில் லேசாகக் கருப்பு. பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

காயில்கடை:
கருப்பு, பிரஷ் உரசுகிற செம்பு வளையமான கம்யூடேட்டரில் மட்டும் என்றால் பிரஷ் பொறிதான், மெல்லிய உப்புத்தாள் போட்டு அவரே துடைத்துவிடுவார். கம்பிச் சுற்றிலும் கருப்பு இருந்தால் ஆர்மேச்சரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது பிரஷும் வீண்.